குளிர்காலக் காற்றும் சைக்கிள் உலாவும்

உடம்பிற்கு உழைப்பு எவ்வளவு இன்றியமையாததோ, உள்ளத்திற்கு உல்லாசமும் அவ்வளவு இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் உல்லாசம் என்றவுடன் இளவெயிலும், தென்றலும், நிழற்சாலையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. வானம் தெளிந்திருத்தல் வேண்டும். காற்று அடங்கியிருத்தல் வேண்டும். வெயில் சுடாதிருத்தல் வேண்டும். குளிர் வாட்டாதிருத்தல் வேண்டும். இத்தனையும் ஒருங்கே கூடிய நாளிலேதான் வெளியே புறப்படுவேன் என்று காத்திருப்போன், அலை ஓய்ந்தபின் கடலாடக் கருதியவனை ஒப்பான். குளிர்காலமே, அதிலும் காற்று மிகுந்த நாளே, சைக்கிளில் உலாவி வருவதற்கு மிகச் சிறந்தது என்பது என் துணிபு. இதைக் கேட்போர் நகைப்பர் என்பதை அறிவேன். யானும் ஒருகாலத்தில் நகைத்தவனே.

இவ்வியாசத்தை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் கலாசாலையிற் பட்டம் பெற்று, மேற்படிப்பின் பொருட்டுக் குளிர்நாடுகளுக்குச் செல்லும் மாணவர் இக்காலத்தில் பலராவர். அவர்களுக்குப் பிரயாணத்தைப் பற்றியும், பரீட்சையைப் பற்றியும், பணச்செலவைப் பற்றியும் புத்தி சொல்வார் அநேகர். மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையைத் தனியறையில் எவ்வாறு கழிப்பது என்பதைச் சொல்வார் ஒருவரும் இலர். எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே, யான் பட்டறிந்ததை என் பின்னோர்க்குச் சொல்லுதல் கடமையெனக் கருதுகின்றேன்.

யான் ஈராண்டுகள் கல்வி பயின்றது ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில். அந்நகரின் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னர் அளித்த செய்தி கூறும் செப்பேடுகள், அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றன. அப்பல்கலைக்கழகம் 1575-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நகரின் ஊடே பழைய ரைன் என்னும் ஆறு ஓடி, ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு அப்பால் காட்விக் என்னும் ஊரில் வடகடலொடு கலக்கின்றது. நிலமோ முற்றும் சமதளம். கால்வாய்ப் பாலங்களைத் தவிர ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. மலையில்லாத அந்நாட்டிற் சைக்கிள் ஓட்டுவோர்க்கு மலையாக நிற்பது காற்று ஒன்றே. ஜனத்தொகை 1 கோடியே 80 லட்சம் அளவினதாக, சைக்கிள்களின் தொகையோ 2 கோடியே 30 லட்சத்திற்கும் மேற்பட்டதாம். அமைச்சரும் ஆசிரியரும், பாட்டியும் பேத்தியும் ஏறிச் செல்லும் வாகனம் அது.

யானும் போனவுடன் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். வகுப்பிற்குச் செல்வதும் திரும்புவதுமன்றி அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. நவம்பர் கழிந்தது, டிசம்பர் வந்தது. காலை எட்டே முக்கால் மணிக்குச் சூரியன் உதித்ததென்று கடிகாரம் சொல்லும். கண் அதைக் காணாது. வானம் ஈயத்தகடு போற் கவிந்திருக்கும். வாரநாட்கள் படிப்பில் கழிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளோ கழியா. ஜன்னலை இறுக மூடி, போர்வைக்குள் இருந்துகொண்டு, வெளியே காற்று ஊளையிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டாரொடு தொலைபேசியிற் பேசும்போது "சுகமாயிருக்கிறேன்" என்று சொல்லுதலும், பேச்சு முடிந்தபின் சுவரையே நோக்கியிருத்தலும் வழக்கமாயின. சோறாக்கவும் மனம் எழவில்லை. படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படித்தேன். நோய் என்று சொல்லுதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் யான் சுகமாயில்லை என்பதை யானே அறிவேன்.

யான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் முதியவர் ஒருவர் வசித்தார். இளைப்பாறிய பள்ளி உபாத்தியாயர். எழுபது வயதைக் கடந்தவர். ஜனவரி மாதத்து ஞாயிறொன்றில், புயல் ஒன்று கடந்துபோன மறுநாட் பிற்பகலில், அவர் என் கதவைத் தட்டினார். தலையிற் கம்பளிக்குல்லாய், கையில் உறை, முகத்திற் குழந்தையின் சிரிப்பு. "வாரும், இன்றைக்கு நல்ல காற்று அடிக்கிறது," என்றார். நல்ல காற்றென்றால் இனிதாய் வீசும் காற்று என்பது எம் ஊர் வழக்கு. அவரோ, மரங்களை வளைத்துக்கொண்டிருந்த வடமேற்குக் காற்றையன்றோ நல்ல காற்றென்றார்! மறுக்க நாணி உடன் சென்றேன்.

ஊர் எல்லையைக் கடந்தவுடன் காற்று எம்மைக் கண்டுகொண்டது. மார்பில் இரு கைகளையும் வைத்து ஒருவன் தள்ளுவது போன்றிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. காதில் இரைச்சலன்றி வேறொன்றும் கேளாது. இருபுறமும் பூங்கிழங்குகள் புதைத்த வயல்கள், பனி தாக்காதவாறு வைக்கோல் போர்த்துக் கிடந்தன. கால்வாய் நீர் செதில் செதிலாய்ச் சுருண்டது. கடற்புறா ஒன்று எமக்கு மேலே சிறகை விரித்து, முன்னும் செல்லாது பின்னும் செல்லாது ஓரிடத்திலேயே நின்றது. யானும் ஏறக்குறைய அந்நிலையிலேயே இருந்தேன். முதியவர் திரும்பிப் பார்த்து, தம் பின்னே நெருங்கி வருமாறு கையாற் குறித்தார். அவர் முதுகின் மறைவிற் புகுந்தவுடன் பாரம் குறைந்தது. எழுபது கடந்தவர் காற்றைத் தாங்க, இருபத்துமூன்று வயதினன் அவர் நிழலில் ஒதுங்கிச் சென்றேன். வெட்கம் ஒருபுறம், ஆறுதல் ஒருபுறம்.

காட்விக் கடற்கரையில் மணல் பாம்பு போல் நெளிந்தோடியது. நுரை பஞ்சாய்ப் பறந்தது. கரையோரத்துப் பழைய தேவாலயத்தின் சுவர்மறைவிற் சற்று நின்று மூச்சு வாங்கினோம். பின்னர் ஒரு கடையிற் சூடான சாக்கலேட்டுப் பானமும், ஆப்பிட் பணியாரமும் உண்டோம். அவ்வளவு ருசியாக யான் அம்மூன்று மாதங்களில் ஒன்றும் உண்டதில்லை.

திரும்பும்போதோ, உலகமே மாறிவிட்டது. வந்த வழி அதுவே, சைக்கிளும் அதுவே. ஆனால் ஊளையிட்ட காற்று எங்கே போயிற்று? காற்றொடு காற்றாய் நாமும் போவதனால் இரைச்சல் அடங்கி, சக்கரம் சுழலும் ஓசையும் கேட்டது. மிதிப்பது பேருக்கே, பறப்பது மெய்யே. அன்றிரவு யான் சோறாக்கி உண்டு, எட்டு மணிநேரம் உறங்கினேன்.

இவ்வாறு காற்றில் அலைந்து வருவதற்கு அம்மக்கள் தம் மொழியில் 'அய்ட்வாயென்' என்று ஒரு தனிச்சொல்லே வைத்திருக்கின்றனர். மனத்தில் தேங்கியதையெல்லாம் காற்று ஊதித் தள்ளிவிடும்படி வெளியே சென்று வருதல் என்பது அதன் கருத்து. நாமும் 'காற்று வாங்கப் போதல்' என்கிறோம். நம் சொல்லிற் காற்று வாங்கப்படுகின்றது. அவர்கள் சொல்லிற் கவலை கொடுக்கப்படுகின்றது. இரண்டும் சேர்ந்தாலன்றோ வியாபாரம் நிறைவுறும்!

இனி, காற்றின் கணக்கைச் சற்று நோக்குவோம். சைக்கிள் ஓட்டுவோனைக் காற்றுத் தடுக்கும் விசை, அவன் காற்றைச் சந்திக்கும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஒப்பப் பெருகும். காற்றடங்கிய நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்வோன் சந்திப்பது 15 கிலோமீட்டர்க் காற்று. எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் நாளிலும் அவன் அதே வேகத்திற் செல்ல முயன்றால், சந்திப்பது 45. வேகம் மூன்று மடங்கு. தடையோ ஒன்பது மடங்கு. ஆகவே அவ்வேகத்தில் எவனும் நெடுநேரம் செல்லான். மணிக்கு 8 கிலோமீட்டராய்த் தளர்வான். திரும்பும்போது காற்றுத் தள்ள, 25 கிலோமீட்டர் வேகத்தில் வருவான் என வைத்துக்கொள்வோம். போக 10, வர 10 கிலோமீட்டராயின், போவதற்கு 75 நிமிஷம், வருவதற்கு 24 நிமிஷம்; ஆக 99. அடங்கிய நாளிலோ 80 நிமிஷமே போதும். போகும்போது வாங்கியதைக் காற்று வரும்போது முழுதும் திருப்பித் தருவதில்லை என்பது இதனால் விளங்கும். மேலும், பாடுபடும் நேரம் நீண்டது. பறக்கும் நேரம் குறுகியது.

நஷ்டக் கணக்கையே எடுத்துக்காட்டி இதைப் புகழ்வானேன் என்று கேட்பீர்கள். அலுவலகத்திற்குச் செல்வோன் இழந்த 19 நிமிஷத்தை எண்ணி வருந்தட்டும்; அது நியாயம். உலாவச் செல்வோன் எதை இழந்தான்? அடங்கிய நாளில் நாம் சைக்கிளில் ஏறினாலும், நம் கவலைகளும் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ளும். எத்தனை கிலோமீட்டர் சென்றோம், எத்தனை வேகம் சென்றோம் என்னும் பெருமையும் உடன் வரும். எதிர்க்காற்று இவை யாவற்றையும் இறக்கிவிடுகின்றது. அடுத்த மூச்சு, அடுத்த மிதி, அதோ தெரியும் அடுத்த மரம், இவ்வளவே அப்பொழுது மனத்திற்கு இடமுண்டு. வேகத்தை விரும்பியும் பெறமுடியாத அந்நிலையில், வேகத்தின் ஆசையும் ஒழிகின்றது. உல்லாசத்தின் முதற்பயன் இதுவேயன்றோ?

இதற்குச் சில முறைகள் உள. அவற்றை அறியாது புறப்படுதல் மடமை. முதலாவது, புறப்படும்போது காற்றை எதிர்த்தே செல்லல் வேண்டும். காற்றின் வழியே முதலிற் சென்றவன், தன் வலிமையே தன்னைக் கொண்டுசெல்வதாக எண்ணி வெகுதூரம் போய்விடுவான். திரும்பும்போது களைத்த உடலொடும் வியர்த்த சட்டையொடும் காற்றை எதிர்ப்பான். வெப்பமானி 5 பாகை காட்டும் நாளில் மணிக்கு 40 கிலோமீட்டர்க் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது 0 பாகைக்கும் கீழான குளிராகவே தோன்றும். ஈர உடம்பொடு அதை எதிர்த்தல் தீது. கடினத்தை முதலில் முடித்து, எளிமையைப் பின்னுக்கு வைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, உடை. ஒரே தடித்த அங்கியினும் மெல்லிய உடைகள் பல அடுக்காய் அணிதல் நன்று. உடம்பை ஒட்டிப் பருத்தி ஆகாது, அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளிநூலே நன்று. மேலே காற்றுப் புகாத மெல்லிய சட்டை ஒன்று. கைவிரலும் காதும் மறைந்திருத்தல் அவசியம். பந்தயக்காரர் மலைச்சரிவில் இறங்கும்முன் மார்பிற்கும் சட்டைக்கும் இடையே செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பழைய வழக்கம். என் முதியவரும் அதையே செய்தார். காலையிற் படித்ததை மாலையில் அணிவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது, துணை. காற்றுப் பக்கவாட்டில் வீசும்போது பந்தயக்காரர் சாலையின் குறுக்கே சாய்வரிசையாய், ஒருவர் மறைவில் ஒருவர் அமைந்து செல்வர். அவ்வரிசைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் 'வாயர்', அதாவது விசிறி. முன்னிருப்பவர் சிறிதுநேரம் காற்றைத் தாங்கிப் பின் விலக, அடுத்தவர் அவ்விடத்தை ஏற்பர். உல்லாசமாய்ச் செல்லும் இருவரும் குறுகிய பாதையில் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்று, முறை மாற்றிக்கொள்ளலாம். வல்லவன் சற்று அதிகநேரம் முன் செல்வான், அவ்வளவே சட்டம்.

இதன்மேல் எழும் ஆட்சேபங்கள் இரண்டு. குளிர்காற்றிற் சென்றால் ஜலதோஷம் பிடிக்கும் என்பர் சிலர். ஜலதோஷத்தை விளைவிப்பவை நுண்கிருமிகள். அவை மூடிய அறைகளில் ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு எளிதிற் பரவுகின்றன. எனினும் ஆஸ்துமாவும் இருதயநோயும் உடையோர்க்குக் குளிர்காற்றுத் தீங்கு செய்யக்கூடும். அவர்கள் வைத்தியரைக் கேளாது புறப்படலாகாது. அபாயம் உண்டே என்பர் வேறு சிலர். ஆம், உண்டு. வீடுகளின் இடைவெளியிலும் பாலத்தின் மேலும் காற்றுத் திடீரெனப் பக்கத்தில் மோதும். பாலங்களில் முதலில் உறைபனி படியும். விளக்கின்றிச் செல்வோனை வண்டிக்காரர் காணார். காற்றை அளக்கும் போபோர்ட் அளவில் 6 என்பது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். பழகாதவர்க்கு அதுவே எல்லை. 1854-இல் நிறுவப்பெற்ற அந்நாட்டு வானிலை நிலையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாளில், பழகியவரும் வீட்டிலிருத்தலே முறை. காற்றை விரும்புதல் வேறு. காற்றை மதியாமை வேறு.

காற்றை மதித்தல் என்பது அம்மக்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதன்று. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு, இதே வடமேற்குக் காற்று, பெருவேலையொடு சேர்ந்து கடலைக் கரைமேல் ஏற்றியது. தென்மேற்கு மாகாணங்களிற் கரைகள் உடைந்தன. விடிவதற்குள் ஊர்கள் பல நீரில் ஆழ்ந்தன. ஒல்லாந்து தேசத்தில் மாத்திரம் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் அவர்கள் பல்லாண்டு உழைத்துக் கடல்வாய்களை அடைக்கும் பெரும் அணைகளைக் கட்டினர். அவற்றுள் மிகப் பெரிதாகிய ஓஸ்டர்ஸ்கெல்டெ அணை 9 கிலோமீட்டர் நீளமுடையது. அது 1986-இல் திறக்கப்பெற்றது. சாதாரண நாட்களில் அலைநீர் உள்ளே சென்றுவர அதன் இரும்புக்கதவுகள் திறந்திருக்கும். புயல் எழும்போது மூடப்படும்.

அவ்வணையின் மீதே 2013-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கைப் பந்தயம் தொடங்கிற்று. அதன் பெயர் எதிர்க்காற்றுச் சைக்கிள் பந்தயம். தூரம் 8.5 கிலோமீட்டர். போபோர்ட் அளவில் 7-க்குக் குறையாத காற்று வீசும் என்று தெரிந்தாலன்றிப் பந்தயம் இல்லை. நாளும் சிலநாட்களுக்கு முன்னரே அறிவிக்கப்படும். நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சாதாரணச் சைக்கிள்களே அனைவர்க்கும் தரப்படும். பற்சக்கர மாற்றமும் இல்லை. தங்கள் முன்னோரை மூழ்கடித்த காற்றை, அக்காற்றைத் தடுக்கக் கட்டிய அணைமீது நின்று, சிரித்துக்கொண்டே எதிர்க்கும் ஜனங்களை யான் வியக்கின்றேன். இது விளையாட்டுத்தனம் என்பாரும் உளர். யான் அவ்வாறு எண்ணேன். அணையை முதலிற் கட்டினர், பிறகே விளையாடினர். அஞ்சவேண்டியதற்கு அஞ்சி ஆவன செய்தபின், எஞ்சியதொடு நட்புக் கொள்ளுதல் தைரியத்தின் ஒரு வகையே.

என் இரண்டாம் குளிர்காலத்திற் பெரும்பாலான ஞாயிறுகளில் யாங்கள் இருவரும் கடற்கரை சென்றோம். யான் ஊர் திரும்புமுன் கடைசியாகச் சென்ற நாளிலும் வடமேற்குக் காற்றே வீசியது. முதியவர்க்கு அவ்வாண்டு மூச்சுச் சற்றுக் குறைந்திருந்தது. அவரைக் கேளாமலே யான் முன் சென்றேன்; கடற்கரை வரையில் இடம் மாறவில்லை. நடுவழியில் அவர் பின்னிருந்து ஏதோ உரக்கச் சொன்னார். எதிர்க்காற்றிற் பின்னோன் குரல் முன்னோனை எட்டாது. தேவாலயச் சுவரருகே இறங்கியபின், என்ன சொன்னீர் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, இன்று எனக்குக் காற்றே படவில்லை என்றேன்," என்றார்.

ஆதலின், குளிர்நாடு செல்லும் மாணவ நண்பர்களே, நீங்கள் எடுத்துச் செல்லும் பொருள்களொடு இச்சொல்லையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் மாதத்திலேயே ஒரு பழைய சைக்கிளும் இரண்டு விளக்கும் வாங்குங்கள். இருள் கவிந்த ஞாயிற்றுக்கிழமையிற் காற்று ஜன்னலை அசைக்கும்போது, அது உங்களை அச்சுறுத்துவதாக எண்ணாது, அழைப்பதாக எண்ணுங்கள். இங்கிருக்கும் நண்பர்க்கும் வாய்ப்பு இல்லாமலில்லை. நம் நாட்டில் அம்மியைப் பறக்கச் செய்யும் காற்று மார்கழியில் அன்றி ஆடியில் வருகின்றது என்பதே வேற்றுமை. எங்கு சென்றாலும் முதலிற் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். கூடுமாயின் தனியே செல்லாதீர்கள். உங்கள் விடுதியில் மூன்று வாரமாய்க் கதவடைத்திருக்கும் ஒருவன் இருப்பான். அவன் கதவைத் தட்டி, நல்ல காற்று அடிக்கிறது என்று சொல்லுங்கள்.